ஆளுக்கொரு டிஸ்க்

அத்தியாயம் 11

இளம்பிள்ளைச் சேலைக்காரர் கேட்டது கரும்புப்பூ டிசைன். என் கணவர் இருந்தபோதே அதன் ஒரு மூலையை மட்டும் போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருந்தார். பொங்கலுக்கு அந்தச் சேலை வேண்டும், நாளை மறுநாள் சாயங்காலத்துக்குள் முழு டிசைனையும் காட்டினால் என் எட்டுத் தறிக்கும் தை முடியும் வரை வேலை, இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்தார். போன வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

டிசைன் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டர் பாதிதான் என் வீட்டில் இருந்தது.

புதிதாக வாசிப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளிபாளையத்தில் எங்கள் தறிக்கூடத்துக்கு வேண்டிய சேலை டிசைன்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டவர் என் கணவர் சரவணக்குமார். பங்குனியில் அவர் தவறிவிட்டார். ஆவணியில் தறிக்கூடத்தை எனக்கும் அவர் தம்பி தீனதயாளனுக்குமாகப் பிரித்தார்கள். பிரித்து வைத்தவர் அவர்களுடைய தாய்மாமன் சண்முகவேல்.

எல்லாவற்றையும் சமமாகப் பிரிப்பதுதான் எங்கள் ஜனங்களுக்குத் தெரிந்த நியாயம். தறி ஆளுக்கு எட்டு. கூடத்தின் நடுவே சுவர். ஒற்றையாக நின்ற பித்தளை அண்டாவை யாருக்கும் வேண்டாம் என்று மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்தோம். கடைசியில் கம்ப்யூட்டர் நின்றது. டிசைன் எல்லாம் அதற்குள்ளே இருக்கிறது, அதைக் கோயிலுக்குக் கொடுக்க முடியாது. மாமா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூடியைக் கழற்றச் சொன்னார்.

"டிசைனு எதுல இருக்குது?"

"டிஸ்க்குலங்க."

"உள்ளார எத்தன டிஸ்க்கு இருக்குது?"

"ரெண்டுங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

"அப்பறமென்ன. ஆளுக்கொண்ணு."

கற்பூரம் ஏற்றிச் சீட்டுப் போட்டார்கள். பெரியது எனக்கு விழுந்தது, செங்கல் மாதிரி கனம். சின்னது தீனதயாளனுக்கு. அது விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, நுனியில் தங்க நிறத்தில் பல் பல்லாக வரிசை. அவர் முகம் வாடியதைப் பார்த்து, சின்னதுதான் வேகம் அதிகம், விலையும் அதிகம் என்று எலக்ட்ரீஷியன் தேற்றினார். இருவருக்கும் திருப்தி. அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் டப்பா யாருக்கு என்பதில் கூடச் சண்டை வரவில்லை. தீனதயாளன் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

பிறகு நான் எத்தனை பேரைக் கூப்பிட்டு என் பங்கைத் திறந்து பார்த்திருப்பேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் சேலம் சூரமங்கலத்தில் கடை வைத்திருக்கும் சின்னராஜ் என்பவர்தான் போனில் விஷயத்தைச் சொன்னார். சின்னது வேகம், பெரியது கொள்ளளவு, இரண்டையும் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி வேலை செய்யும்படி கட்டியிருக்கிறார்கள். ஒரே படத்தில் பாதி இதில் இருக்கும், மீதி அதில் இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் படிக்க முடியாது. இரண்டையும் எடுத்து வாருங்கள் என்றார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். பிரித்த பிறகு அந்தச் சின்னதில் யாராவது வேறு எதையாவது ஏற்றியிருந்தால், சேலம் வரை வர வேண்டாம்.

ஆகவே சேலைக்காரர் போன் வைத்த மறுநாள் காலை, வாசல் தெளித்த கையோடு நான் கொழுந்தனார் வீட்டுக்குப் போனேன். பிரித்த பிறகு அந்தப் படியை நான் மிதித்ததில்லை.

தீனதயாளன் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். வாங்க அண்ணி என்றவர் பேப்பரை மடிக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, பிரித்ததைத் திரும்பச் சேர்த்தால் மாமா என்ன நினைப்பார் என்றார். என் எட்டுத் தறியையும் தன்னிடம் குத்தகைக்கு விட்டால் எனக்கு இந்த அலைச்சலே வேண்டாம் என்று முன்பே சொன்னதைத் திரும்பவும் சொன்னார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊரே அதைத்தான் அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. டிசைன் இல்லாத தறியை ஓட்டத் தெரியாமல் நான் ஒருநாள் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன் என்று எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

உள்ளே இருந்து மோகனப்பிரியா காபியோடு வந்தாள். என் ஓரகத்தி, தீனதயாளனின் மனைவி. டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னாள்.

"இவருகிட்டயும் டிசைனு இல்லீங்கக்கா. எட்டுத் தறியிலயும் வெள்ளத் துண்டுதான் ஓடுது."

தீனதயாளன் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

நான் கெஞ்சுவதற்காகப் போகவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று.

"அதுல ஏதாச்சும் ஏத்தியிருக்கீங்களா, தம்பி?"

"நான் தொட்டதே இல்லீங்க. அன்னைக்குக் கொண்டாந்து சாமி ரூம்புல வெச்சதுதான்."

என்னுடையதை எடுத்துக்கொண்டு காலை வண்டிக்குச் சேலம் போகிறேன், உங்களுடையதை எடுத்து வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லி, காபியை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தேன்.

கம்ப்யூட்டர் டப்பாவை ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டினேன். பாலம் தாண்டி ஈரோடு ஜங்ஷன் வரை பஸ், அங்கிருந்து ரயில். மடியில் வைத்துக்கொண்டால் கால் மரத்தது, கீழே வைத்தால் யாராவது உதைத்துவிடுவார்களோ என்று பயம். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் மகளுக்குச் சீர் கொண்டு போகிறேனா என்று விசாரித்தார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

சின்னராஜின் கடை ஜங்ஷனுக்கு எதிர்ச்சாரியில், ஒரு பரோட்டாக் கடைக்கு மாடியில் இருந்தது. ஐம்பது வயது இருக்கும். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியபடியே என் சாக்கைப் பிரித்தார். பேசி முடித்துவிட்டு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எலி கடிச்சது வந்திருக்கு, மழையில நனைஞ்சது வந்திருக்கு, புருஷன் பொண்டாட்டி சண்டையில மாடியிலிருந்து வீசினதுகூட வந்திருக்குங்க. பாகம் பிரிச்சது இப்பதான் வருது. சின்னது எங்க?"

"வருதுங்க" என்றேன்.

வரும் என்று எனக்கு நிச்சயமில்லை. பத்தரை மணி வண்டியில் வரலாம், காரில் வரலாம், வராமலே இருக்கலாம். சின்னராஜ் வேறு வேலைகளைப் பார்த்தார். கீழே பரோட்டா தட்டும் சத்தம் தொடங்கி நின்றது. சாப்பாட்டு நேரத்தில் அவர் கடையைச் சாத்த வேண்டும் என்றார். நீங்கள் வெளியே பூட்டிக்கொண்டு போய் வாருங்கள், நான் உள்ளேயே இருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பூட்டவில்லை, சாப்பிடவும் போகவில்லை. ஒரு பொட்டலம் கடலையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்து வேறு யாராகவோ இருந்தால் தாங்காது.

தீனதயாளன்தான். கையில் தூக்குப்போசி.

"மோகனா சோறு குடுத்துட்டு வரச் சொன்னா. நீங்க சாப்பிடாமயே கெளம்பிட்டீங்களாமா" என்றார்.

அறுபது கிலோமீட்டர் தள்ளிச் சோறு கொடுக்க வந்தவரை நான் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சின்னராஜ் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. வேலை முடிந்ததும் தன்னுடையது தன் கைக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லி உறுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் முடிச்சை அவிழ்த்தார்.

சின்னராஜ் அதை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

தங்கப் பல் வரிசை முழுக்கச் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"ஆயுதபூசைக்கு வெச்சது" என்றார் தீனதயாளன். "பொட்டு வெக்கறதுக்கு அதுல வேற எடம் ஏதுங்க? அது ஒண்ணுதான பளபளன்னு இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன. அவரைக் குறை சொல்ல முடியாது. என் பங்குக்கு நானும் ஆயுதபூசையன்று பொட்டு வைத்திருந்தேன். அது பெரியது என்பதால் முதுகில் வைத்தேன், அவ்வளவுதான்.

சின்னராஜ் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துச் சந்தனத்தை ஊற வைத்தார். பிறகு பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சின்னதை எடுத்துப் பழைய இடத்தில் சொருகி, என் பெரியதற்கும் ஒயரை மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டார். மூன்று பேரும் திரையையே பார்த்தோம்.

ஒரு செய்தி வந்தது. டிஸ்க் சரியில்லை, சரி செய்யட்டுமா என்று கேட்டு, கீழே ஒரு பட்டன்.

அந்த நேரம் பார்த்துச் சின்னராஜின் போன் அடித்தது. அவர் திரும்பினார்.

"செய்யட்டுமே. செரின்னு குடுத்துட வேண்டியதுதான்" என்று தீனதயாளன் மவுஸைப் பிடித்தார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கொழுந்தனாரின் கையை நான் தொட்டது அன்றுதான். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அவர் மவுஸை விடும் வரை நான் விடவில்லை.

சின்னராஜ் போனை அணைத்துவிட்டு வந்தார். திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"நல்ல வேளை. அது சரி செய்யறதுன்னா, ரெண்டையும் சுத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணாக் கட்டும். கட்டு சரியாயிடும். உள்ள இருந்தது ஒண்ணும் மிஞ்சாதுங்க."

தீனதயாளன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

சின்னராஜ் கம்ப்யூட்டரை அணைத்தார். சொருகும் பள்ளத்துக்குள்ளும் சந்தனத் தூள் போயிருந்தது. சின்னராஜ் ஒரு சின்ன பிரஷ்ஷால் அதைக் கூட்டி எடுத்தார். பல் வரிசையை மறுபடி துடைத்தார். ஒரு பல்லின் ஓரத்தில் லேசாகப் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைக் காட்டினார். இன்னும் ஒரு மழைக்காலம் அந்த மஞ்சள் துணியில் இருந்திருந்தால் அரித்தே போயிருக்கும் என்றார். தீனதயாளன் அந்தத் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறை போட்டபோது அந்தச் செய்தி வரவில்லை. திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு ஒரே டிஸ்க்காக வந்து நின்றது. அதற்குள் என் கணவர் வைத்த பெயர்களில் வரிசை வரிசையாகக் கோப்புகள். வைரக்கட்டு, மாங்காய் சிறுசு, மாங்காய் பெருசு, மோகனூர் கரும்புப்பூ.

யாரும் எதையும் திறக்கக் கூடாது, முதலில் பென் டிரைவில் காப்பி எடுக்க வேண்டும் என்றார் சின்னராஜ். எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். தீனதயாளன் தலையை நிமிர்த்தினார்.

"ஆளுக்குப் பாதிங்களா?"

"இல்லீங்க. ரெண்டுலயும் முழுசா எல்லாமே இருக்கும்."

அவர் அதைப் புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். எடுக்க எடுக்கக் குறையாத ஒன்றை எங்கள் வீட்டில் யாரும் பிரித்துப் பழக்கமில்லை. காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது நான் தூக்குப்போசியைத் திறந்தேன். தயிர் சோறு, மாவடு. அவருக்கும் மூடியில் வைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

வெயில் தாழும்போது இரண்டு காப்பியும் முடிந்தன. பழைய கட்டை இனி நம்ப முடியாது, டிஸ்க் இரண்டையும் அழித்துப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்கு முன் முக்கியமானது ஒன்றைக் காப்பியிலிருந்து திறந்து பாருங்கள் என்றார் சின்னராஜ். தன்னுடைய கம்ப்யூட்டரில் காப்பியை மாட்டிக் கொடுத்தார். நான் கரும்புப்பூவைத் திறந்தேன்.

உடல் முழுவதும் இருந்தது. மோகனூர் போகும் வழியில் கரும்புக் காடு பூத்து நிற்பதைப் பார்த்து என் கணவர் வண்டியை நிறுத்தச் சொன்ன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தத் தோகை அப்படியே வந்திருந்தது. கரை இரண்டு பக்கமும் முடிந்திருந்தது. முந்திக்கு நகர்த்தினேன். முதல் வரிசைப் பூ, இரண்டாவது வரிசைப் பூ. மூன்றாவது வரிசையில் ஒரு தோகை பாதி வளைந்து, அதோடு நின்றது. அதற்கு மேல் வெறும் வெள்ளைக் கட்டங்கள்.

அவர் எந்தக் கட்டத்தில் கையை எடுத்தார் என்பது தெரிந்தது. குளிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனவர் திரும்பி வராத காலை அது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்னராஜ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

தீனதயாளன்தான் முதலில் பேசினார். முந்தி இல்லாத சேலையைச் சேலைக்காரரிடம் எப்படிக் காட்டுவது என்றார். டிசைனரைப் பிடித்துப் போட்டு வாங்க ஒரு வாரமாவது ஆகும், நாளை சாயங்காலம் என்பது நடக்கிற காரியமில்லை, நாம் முயற்சி செய்தாயிற்று, இனி யாரும் குறை சொல்ல முடியாது என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அடுத்துத் தறியைப் பற்றிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். பேசினார்.

"அந்த எட்டையும் எங்கிட்டயே விட்டுருங்க அண்ணி. அண்ணன் இருந்தா வேற."

நான் சின்னராஜைக் கூப்பிட்டேன். என் டிஸ்க் இரண்டையும் அழித்துக் கட்டித் தர இப்போதே தொடங்கலாம், அதுவரை உங்கள் கம்ப்யூட்டரில் நான் உட்காரலாமா என்று கேட்டேன். என் டிஸ்க் இரண்டு என்று சொன்னது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. தீனதயாளன் அதைத் திருத்தவில்லை. மதியம் நான் தடுத்த அதே அழிப்பைச் சின்னராஜ் இப்போது தானே பட்டன் அழுத்தித் தொடங்கினார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் படம் போட்டது அவர். புள்ளி பார்த்தது நான். ஒவ்வொரு கட்டமும் தறியில் ஒரு இழையைத் தூக்கும். ஒரு புள்ளி தப்பினால் சேலையின் நீளத்துக்கும் கீறல் விழும். அவர் சாப்பிட எழுந்திருக்கும்போதெல்லாம் நான் உட்கார்ந்து தப்பிய புள்ளிகளைப் பொறுக்குவேன். தோகை எப்படி வளையும், எந்த இடத்தில் அவர் ஒரு கட்டம் விட்டு வைப்பார், பூவின் அடியில் ஏன் மூன்று புள்ளி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நானாக ஒரு பூவைப் போட்டதில்லை. போட முடியாது என்று யாரும் சொன்னதுமில்லை.

முதல் புள்ளியை வைத்தேன். பிறகு அடுத்தது. பாதியில் நின்ற தோகை ஒரு கட்டம் வளைந்தது.

எனக்குப் பின்னால் தீனதயாளன் வெகுநேரம் நின்றிருந்தார். அந்தத் தோகை முடிந்து, நான் அடுத்ததைத் தொடங்கியிருந்தேன்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைக்காதீங்க."

"கேளுங்க."

"அண்ணன் போட்ட வரைக்கும் பொது. ரெண்டு பேருகிட்டயும் இருக்குது. இப்ப நீங்க போடறது யாருது?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னுதுங்க, தம்பி."

அவர் பங்குக்கான காப்பி மேசைமேல் இருந்தது. அதில் உடல் இருந்தது, கரை இருந்தது, இரண்டு வரிசைப் பூ இருந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. பாதிப் படியில் சத்தம் நின்றது. போனில் யாரையோ கூப்பிடுகிறார் என்று தெரிந்தது. "மாமா" என்று தொடங்குவது மேலே என் காதில் விழுந்தது. ஆவணியில் எல்லாவற்றையும் பிரித்து வைத்த சண்முகவேல் மாமாவைத்தான். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மூன்றாவது வரிசையில் இன்னும் ஐந்து பூ பாக்கி இருந்தது. நான் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.